நீர்த்தெள்ளுகளின் கலப்பும் ஏரி வண்டலில் உறங்கும் முட்டைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரித் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தூசு போல ஏதோ தத்தித் தத்திப் போகும். பெரும்பாலானவர்கள் அழுக்கு என்று கொட்டிவிடுவார்கள். அது உயிருள்ள ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள் இனம் விட்டு இனம் கலப்பு நடக்கிறது. ஐரோப்பாவின் சில ஏரிகளில் அந்தக் கலப்புக்கு மனிதர்களே காரணம் என்பதும் தெளிவாக நிறுவப்பட்டிருக்கிறது. மாணவர்களும் மீன் வளர்க்கும் நண்பர்களும் இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

விலங்கு மிதவை உயிரிகள் என்றால் எவை?

நீரின் போக்கிலேயே மிதந்து வாழும் சிறு விலங்குகள். நன்னீரில் முக்கியமாக மூன்று கூட்டம்: தலையில் சக்கரம் சுழல்வது போலத் தெரியும் ரோட்டிஃபர்கள், வெட்டி வெட்டி நீந்தும் கோப்பிபாடுகள், ஓட்டுக்குள் உடலை வைத்திருக்கும் கிளாடோசெராக்கள். நீர்த்தெள்ளு என்று நாம் சொல்லும் டாப்னியா மூன்றாவது கூட்டத்தைச் சேர்ந்தது. தெள்ளுப்பூச்சி போலத் துள்ளுவதால் அந்தப் பெயர் வந்ததே தவிர, அது பூச்சி அல்ல. இறாலுக்கும் நண்டுக்கும்தான் உறவு. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் இருக்கும். பாசியை வடிகட்டித் தின்னும், மீன்குஞ்சுக்கு இரையாகும். ஏரியில் பாசிக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கும் பாலம் இதுதான்.

இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் டாப்னியாவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இந்த விஷயத்தில் மிக ஆழமாக ஆராயப்பட்ட உயிரி அது.

ஆண் இல்லாமலே குட்டி போடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். கலப்பு பற்றிய மற்ற எல்லாமே இதை வைத்துத்தான் புரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தீனி நிறைய இருந்து, தண்ணீரும் இதமாக இருந்தால் டாப்னியாவில் பெண்கள் மட்டுமே இருக்கும். ஒவ்வொரு பெண்ணும் தன்னை அப்படியே நகலெடுத்த மகள்களைப் பெறும். உருப்பெருக்கியில் வைத்தால் அம்மாவின் முதுகுப் பைக்குள் குட்டிகளின் கறுத்த கண்கள் தெரியும். உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் இதயம் படபடவென்று அடிப்பதையும் எண்ணிவிட முயலலாம், ஆனால் எண்ண முடியாத வேகம். இரண்டு மூன்று நாளில் குட்டிகள் வெளியே வந்துவிடும். அவை ஒரு வாரம் பத்து நாளில் தாங்களும் அம்மாவாகிவிடும். நம் ஊரில் வாழை பக்கக்கன்று விடுவதைப் போல. வாழையடி வாழை என்பது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்தும்.

கூட்டம் நெருக்கமாகி, தீனி குறைந்து, பகல் நேரமும் சுருங்கும்போது நிலைமை மாறுகிறது. அதே பெண்கள் ஆண் குட்டிகளைப் பெறத் தொடங்கும். ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது குரோமோசோம் அல்ல, சூழல். அப்புறம் சில பெண்கள், ஆணோடு சேர்ந்தால்தான் கருவாகும் வேறு வகை முட்டைகளை உண்டாக்கும். அந்த முட்டைகள் இரண்டிரண்டாக, குதிரைச் சேணம் போன்ற ஒரு கறுத்த உறைக்குள் அடைபட்டு, தாய் சட்டை உரிக்கும்போது கழன்று விழும். இதை எஃபிப்பியம் என்பார்கள். நான் சேண முட்டை என்றே சொல்கிறேன். வறட்சி, உறைபனி, மீனின் வயிறு, வாத்தின் குடல் எல்லாவற்றையும் தாங்கிவிடும்.

ஆக டாப்னியாவின் ஆண்டு இரண்டு பகுதி: நகலெடுக்கும் காலம், மரபணுக்களைக் கலைத்துப் போடும் காலம்.

வெவ்வேறு இனங்கள் எப்படிக் கலக்கின்றன? அப்படிக் கலந்தால் அவை எப்படி வெவ்வேறு இனம்?

பள்ளிக்கூடத்தில் நாம் படித்த வரையறை, வளமான சந்ததி பிறக்காவிட்டால் வெவ்வேறு இனம் என்பது. டாப்னியா அந்த வரையறையைச் சோதிக்கும் உயிரி.

குதிரையும் கழுதையும் சேர்ந்து கோவேறு கழுதை பிறக்கிறது. அதோடு அந்தக் கதை முடிகிறது. அந்தக் கோவேறு கழுதை, துணை எதுவும் இல்லாமல் பத்து நாளுக்கொருமுறை தன்னைப் போலவே ஒரு டஜன் குட்டி போட்டால் எப்படி இருக்கும்? டாப்னியா கலப்பினம் அதைத்தான் செய்கிறது. ஆண் பெண் சேர்க்கையில் அது பெரும்பாலும் தடுமாறும். அதன் சேணங்களில் பல வெறுமையாக இருக்கும், முட்டை இருந்தாலும் பொரிப்பது குறைவு. ஆனால் நகலெடுப்பதில் எந்தக் குறையும் இல்லை. எப்போதோ ஒருமுறை இரண்டு இனத்தின் ஆணும் பெண்ணும் தவறிச் சேர்ந்தால் போதும், பிறந்த ஒரு கலப்பினப் பெண் ஒரே கோடையில் ஏரியை நிரப்பிவிடும்.

நம் ஊர் உதாரணம் வேண்டுமென்றால் கரும்பைச் சொல்லலாம். கோயம்புத்தூரில் 1912-ல் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், பயிரிடும் கரும்பையும் காட்டில் விளையும் நாணல் வகைக் கரும்பையும் கலந்து கோ 205 என்ற ரகத்தை உண்டாக்கினார்கள். இனம் விட்டு இனம் கலந்தது. விதை வழியாக அதை நிலைநிறுத்த முடியாது, அந்தக் கவலையும் யாருக்கும் இல்லை. கரணை வெட்டி நட்டால் அதே கரும்பு வந்துவிடும். டாப்னியாவுக்கு அந்தக் கரணை வித்தை இயற்கையிலேயே இருக்கிறது.

பிறகு ஏன் இரண்டு இனமும் கரைந்து ஒன்றாகிவிடவில்லை? இனச்சேர்க்கைக் காலம் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. கலப்பினங்களின் சேண முட்டைகளும் பலவீனமானவை. வேலி இருக்கிறது, ஆனால் முள்வேலி, சுவர் அல்ல. இடைவெளி வழியே சில மரபணுக்கள் நுழைந்து போகும்.

மனிதர்கள்தான் காரணம் என்கிறீர்களே, எந்த ஏரியில் அது தெரிந்தது?

நான் எப்போதும் எடுத்துச் சொல்வது கான்ஸ்டன்ஸ் ஏரி. ஜெர்மானியர்கள் போடன்சே என்பார்கள். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றும் சுற்றி நிற்கும் ஏரி. பரப்பு 536 சதுர கிலோமீட்டர், ஆழம் 250 மீட்டர் அளவு. பல லட்சம் பேருக்குக் குடிநீர்.

ஆல்ப்ஸ் மலைப் பனி உருகி வரும் நீர் என்பதால் பழைய காலத்தில் அதில் சத்து மிகக் குறைவு. ஒரு லிட்டரில் பாஸ்பரஸ் 10 மைக்ரோகிராம்கூட இல்லை. அந்தத் தெளிந்த நீரில் பழங்குடியாக இருந்தது, வெகுநாள் ஹயலினா என்று அழைக்கப்பட்டு இப்போது லாங்கிஸ்பினா என்ற இனத்துக்குள் சேர்க்கப்பட்ட டாப்னியா.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கரையோர ஊர்கள் பெருத்தன. கழிவுநீர் நேராக ஏரிக்கு வந்தது. சலவைத்தூளில் பாஸ்பேட், வயலிலிருந்து உரம். 1979 வாக்கில் பாஸ்பரஸ் லிட்டருக்கு 80 மைக்ரோகிராமைத் தாண்டியது. பாசி பெருகியது. இந்தக் கொழுத்த நீரில்தான் 1950களில் கலியாட்டா என்ற இன்னொரு டாப்னியா தலைகாட்டியது. அது சத்து மிகுந்த ஏரிகளுக்குப் பழகிய இனம்.

இரண்டும் ஒரே நீரில் இருந்தாலும் வாழும் முறை வேறு. ஹயலினா பகலில் மீன் கண்ணுக்குத் தப்ப ஆழத்துக்கு இறங்கி, இரவில் மேலே வந்து மேயும். கலியாட்டா இரவும் பகலும் மேல்மட்டத்திலேயே இருக்கும். ஸ்டிச், லாம்பெர்ட் இருவரும் 1981-ல் இதை எழுதினார்கள். ஆழத்தில் குளிர், தீனி குறைவு, அதனால் வளர்ச்சி மெதுவாக இருக்கும், ஆனால் உயிர் பிழைக்கும். மேலே சூடு, தீனி அதிகம், குட்டிகளும் அதிகம், ஆனால் மீன் தின்றுவிடும். இரண்டு கணக்கும் சரியான கணக்கே. அந்த இரண்டு கணக்குக்காரர்களும் கலந்து, நடுவில் கலப்பினங்கள் தோன்றின.

அப்போது யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்களே, எப்படித் தெரியும்?

இந்த விஷயத்தில் என்னை உண்மையாகவே கட்டிப்போட்டது இந்தப் பகுதிதான்.

விழுந்த சேண முட்டைகளில் ஒரு பங்குதான் அடுத்த வசந்தத்தில் பொரிக்கும். மீதி அடியில் போய் வண்டலில் புதைந்துவிடும். அடுத்த ஆண்டு அதன் மேல் இன்னொரு படிவம். இப்படி ஆண்டுக்காண்டு அடுக்கு. குழாய் இறக்கி வண்டலை நெட்டாக உருவி எடுத்தால், கேழ்வரகுக் களி போன்ற ஒரு உருளை வரும். அதை மெல்லிய வில்லைகளாக வெட்டி, எந்த வில்லை எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு உதவுவது சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள். அணுகுண்டுச் சோதனைகள் உச்சத்துக்குப் போன 1963-ம் செர்னோபில் விபத்து நடந்த 1986-ம் ஐரோப்பாவின் வண்டலில் இரண்டு முகடுகளாகப் பதிந்திருக்கின்றன. ஒரு பேரழிவு, அடியில் கிடக்கும் முட்டைக்குத் தேதி எழுதிவைத்திருக்கிறது.

அடுத்து அந்த வில்லையைச் சல்லடையில் அலசி, உருப்பெருக்கியின் கீழ் சேணங்களைப் பொறுக்குகிறார்கள். நுண்ணிய ஊசியால் உறையைத் திறந்தால் இரண்டு முட்டைகள். ஒரே முட்டையிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பெருக்க முடியும். இந்த வழியில் கான்ஸ்டன்ஸ் ஏரியையும் சூரிச் அருகே உள்ள கிரைஃபென்சேயையும் ஆராய்ந்து, பிரெடேயும் உடன் உழைத்தவர்களும் 2009-ல் வெளியிட்ட முடிவு இதுதான்: நீர் கொழுத்த காலத்தில் கலியாட்டா வந்தது, பழைய இனத்தோடு கலந்தது, மரபணுக்கள் இனம் விட்டு இனம் நகர்ந்தன.

இப்போது ஏரி சுத்தமாகிவிட்டதே. எல்லாம் பழையபடி ஆகிவிட்டதா?

ஏரி சுத்தமானது. மூன்று நாடுகளும் சேர்ந்து கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டின, சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தின. 2000களின் பிற்பகுதியில் பாஸ்பரஸ் மறுபடி 10 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்துவிட்டது. மனிதர்கள் கெடுத்ததை மனிதர்களே திருத்திய பெரிய காரியம் அது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

டாப்னியாக்களின் மரபணுக்கள் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மனிதர் போகப்போக நீரைக் கழுவலாம், கலந்துபோன மரபணுவைப் பிரித்தெடுக்க முடியாது. பாலில் தண்ணீர் கலந்த மாதிரி. இன்று அங்கே இருக்கும் இனம் 1930களில் இருந்த அதே இனம் அல்ல, பெயர் ஒன்றாகவே இருந்தாலும்.

அதே ஏரியின் வெண்மீன்களுக்கு, உள்ளூரில் ஃபெல்சென் எனப்படும் மீன்களுக்கு, இன்னும் வருத்தமான முடிவு. ஆழத்தில் முட்டையிடும் இனமும் கரையோரம் முட்டையிடும் இனமும் தனித்தனியாக இருந்தவை. அடியில் ஆக்சிஜன் குறைந்தபோது ஆழத்து இடங்கள் கெட்டு, இனங்களுக்கு நடுவே இருந்த வேலி சரிந்தது. கில்ச் என்ற ஆழ்நீர் இனம் அங்கிருந்து மறைந்தே போயிற்று. ஃபொன்லாந்தனும் உடன் உழைத்தவர்களும் சுவிஸ் ஏரிகளைப் பற்றி 2012-ல் எழுதியதன் சாரம், இனங்கள் அழியக் கொல்ல வேண்டியதில்லை, கரைத்துவிட்டாலே போதும் என்பதுதான்.

கலப்பு மரபணுப் பன்முகத்தன்மையைக் கூட்டுமா, குறைக்குமா?

இரண்டும் நடக்கும். எந்தக் கணக்கில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஒரு ஏரிக்குள் மட்டும் பார்த்தால் கலப்பு புதிய சேர்க்கைகளைத் தரும். சில கலப்பினங்கள் பெற்றோரைவிடச் சில ஆண்டுகள் நன்றாகச் செழிக்கும். பெரிய உடம்பைப் பெரிய மீனும், சிறிய உடம்பைச் சின்ன வேட்டை உயிரிகளும் தேடும் காலத்தில் நடுத்தர உடம்பு தப்பிக்கும். கிரைஃபென்சேயில் கவுலெரியா என்ற ஒட்டுண்ணி டாப்னியாவின் குடலைத் தாக்கும்போது சில காலம் கலப்பினங்கள் பாதிப்புக்கு அதிகம் தப்பியதும் பதிவாகியிருக்கிறது. ஒட்டுண்ணி அங்கே மிகுந்திருக்கும் வகையைத்தான் பூட்டுக்குச் சாவி போலப் பழகிக்கொள்ளும். அதனால் இந்தச் சலுகை நிலையானதல்ல, கலப்பினம் பெருகினால் சாவி அதற்கும் வந்துவிடும்.

பல ஏரிகளைச் சேர்த்துப் பார்த்தால் படம் மாறும். ஒரு காலத்தில் ஒவ்வொரு ஏரிக்கும் அதற்கென ஒரு கூட்டம், அதற்கென ஒரு மரபணுக் கையெழுத்து. எல்லா ஏரியும் ஒரே மாதிரி கொழுத்துவிட்டால் எல்லாவற்றிலும் ஒரே கூட்டம் வந்து உட்காரும். நான் கவலைப்படுவது இந்த இரண்டாவது கணக்கைப் பற்றித்தான்.

இதோடு ஆண்டுச் சுழற்சியும் உண்டு. வசந்தத்தில் சேண முட்டைகள் பொரிக்கும்போது குளத்தில் நூற்றுக்கணக்கான வெவ்வேறு நகல் வம்சங்கள் இருக்கும். கோடை முடிவதற்குள் போட்டியில் முந்தத் தெரிந்த சிலதான் மிஞ்சும். மே மாதம் ஒரு வாளி, செப்டம்பரில் ஒரு வாளி எடுத்து, பன்முகத்தன்மை குறைந்துவிட்டது என்று அலறினால் அது தவறு. அடுத்த வசந்தத்துக்கான சரக்கு வண்டலில் இருக்கிறது.

ஒரே ஒரு கலப்பின வம்சம் மற்றதை ஒழித்த கதை உண்டா?

உண்டு, கென்யாவின் நைவாஷா ஏரி. 1920களின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து பெருவாய் பாஸ் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள், வேட்டை மீன்பிடிக்காக. அந்த மீனோடு, கண்ணுக்குத் தெரியாமல், ஒரு டாப்னியாவும் வந்தது என்று மெர்ஜேயும் உடன் உழைத்தவர்களும் வண்டல் முட்டைகளைப் படித்து 2006-ல் காட்டினார்கள். அது பூலெக்ஸ், பூலிகாரியா என்ற இரண்டு அமெரிக்க இனங்களின் கலப்பு. சேர்க்கையையே கைவிட்டுவிட்ட வம்சம், சேண முட்டையைக்கூட ஆண் இல்லாமல் போடும். ஒரே வம்சம். அறுபது ஆண்டுக்குள் ஆப்பிரிக்காவின் பல ஏரிகளுக்குப் பரவி, அங்கே இருந்த நெருங்கிய சொந்த இனத்தை இடம்பெயர்த்துவிட்டது.

ஒரே மரபணு என்றால் பலவீனம் என்றுதானே நினைப்போம்? போட்டியில் வென்றது அந்தப் பலவீனமே. ஆனால் வாழைத்தோப்பில் வாடல் நோய் வந்தவர்களுக்குத் தெரியும், எல்லாம் ஒரே கன்று என்றால் ஒரே நோய் எல்லாவற்றையும் சாய்க்கும்.

பார்த்தாலே இது கலப்பினம் என்று சொல்லிவிடலாமா?

நம்பிச் சொல்ல முடியாது. டாப்னியாவின் உருவம் சூழலுக்கு ஏற்ப மாறும். வேட்டை உயிரியின் வாசனை நீரில் இருந்தால் தலையில் தொப்பி போல முளைக்கும், முள் நீளும். ஜெர்மன் ஆய்வாளர் வோல்டெரெக் 1909-லேயே இதே உயிரியை வைத்துத்தான், ஒரே வம்சம் வெவ்வேறு தீனியில் வெவ்வேறு தலையோடு வளரும் என்று காட்டினார். அதனால் உருவத்தை வைத்து இனம் பிரித்த பழைய பட்டியல்களில் குழப்பம் நிறைய. 1980களில் என்சைம்களை மின்புலத்தில் ஓடவிட்டுப் பார்த்தபோதுதான், இடைநிலை உருவங்களில் பல கலப்பினங்கள் என்பது உறுதியானது.

மாணவர்கள் செய்யும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ மட்டும் படித்துவிட்டு இனம் இது என்று எழுதிவிடுவார்கள். அது தாய் வழி மட்டுமே வரும். தந்தை வேறு இனம் என்றாலும் அதில் தெரியாது. கலப்பைக் காண, உட்கருவின் டிஎன்ஏவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நம் ஊர்க் குளங்களுக்கும் இதற்கும் என்ன?

நம் வெதுவெதுப்பான நீரில் அதிகம் கிடைப்பவை கிளாடோசெராக்களில் மொய்னா, செரியோடாப்னியா, டயஃபனோசோமா, ரோட்டிஃபரில் பிராக்கியோனஸ். சென்னை கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கு மொய்னா அன்றாடச் சொல். பிராக்கியோனஸ் கேலிசிஃப்ளோரஸ் என்று ஒரே பெயரில் உலகம் முழுவதும் எழுதிவந்த ரோட்டிஃபர், மரபணுவைப் படித்தபோது நான்கு இனமாகப் பிரிந்தது. அவற்றுக்குள்ளும் கலப்பின் தடயம் இருக்கிறது.

நம் பக்கத்திலிருந்து வெளியே போனதும் உண்டு. ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான லும்ஹோல்ட்ஸி என்ற முள் நீண்ட டாப்னியா, 1990களின் தொடக்கத்தில் டெக்சாஸில் காணப்பட்டு அமெரிக்க நீர்த்தேக்கங்களில் பரவியது. அதனால் வெளியூர் வளர்ப்புத் தண்ணீரை, மீதமான மொய்னாவை, மீன்குஞ்சு வந்த பையின் நீரை ஏரியிலோ கோயில் குளத்திலோ கொட்டாதீர்கள். வடிகட்டி, காய்கறிச் செடிக்கு ஊற்றுங்கள். ஒரு சேண முட்டை போதும்.

வண்டலில் கிடக்கும் முட்டை எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும்?

பல பத்தாண்டுகள் சாதாரணம். கான்ஸ்டன்ஸ் ஏரியின் 1960கள் காலத்து முட்டைகளையே ஆய்வகத்தில் பொரிக்க வைத்து, நச்சுப் பாசி கலந்த தீனி கொடுத்துப் பார்த்தார்கள். ஹேர்ஸ்டனும் குழுவும் 1999-ல் எழுதினார்கள்: பாசி பெருகுவதற்கு முந்தைய காலத்துக் கலியாட்டாக்களின் வளர்ச்சி அந்தத் தீனியில் மிகவும் குன்றியது, பாசி உச்சத்துக்குப் பிந்தையவை தாக்குப்பிடித்தன. பாட்டியையும் பேத்தியையும் ஒரே மேசையில் உட்காரவைத்து ஒரே சோற்றைப் போட்டுப் பார்த்தது போல.

அதைவிடப் பழையது அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள சவுத் சென்டர் ஏரி. அங்கே சுமார் 700 ஆண்டு முந்தைய முட்டைகளைப் பொரிக்க வைத்துவிட்டார்கள். வண்டல் காட்டியபடி, அந்த ஏரியின் டாப்னியாக்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பெரிதாக மாறாமலே இருந்து, ஐரோப்பியர் குடியேறி நிலத்தை உழத் தொடங்கிய 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பின் சட்டென்று மாறியிருக்கின்றன.

வீட்டில் இதைச் சிறிய அளவில் செய்து பார்க்கலாம். வற்றிய குளத்தின் மேல்மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து, அகலமான பாட்டிலில் போட்டு, குளோரின் இல்லாத நீரை மெதுவாக ஊற்றி, வெளிச்சம் படும் ஜன்னலோரம் வையுங்கள். கலங்கல் ஒரு நாளில் தெளியும். சில நாட்களில், ஒரு வாரத்தில், காலையில் பல் தேய்க்கும்போது பாட்டிலைப் பார்த்தால், மேல்மட்டத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தத்திக்கொண்டிருக்கும்.